மருட்கையும் பெருமிதமும்: சிங்கப்பூர் அரசியலில் தோற்றமும் தலைமை ஈர்ப்பும்

முன்னுரை

வளர்ந்து வரும் அரசியல் தலைவர் ஒருவரை வாக்காளர் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்னும் வினாவிற்குத் தமிழ் ஆய்வுலகம் பெரும்பாலும் 'கவர்ச்சி' என்னும் ஒற்றைச் சொல்லையே விடையாகக் கூறி வந்துள்ளது. தமிழ்நாட்டு அரசியலைத் திரைப்படத்தோடு இணைத்துப் பேசும் மரபு நமக்கு இச்சொல்லைப் பழக்கியது. ஆயின், திரைப்படப் பின்புலம் சற்றும் இல்லாத சிங்கப்பூரில், சட்டங்களும் விதிகளும் மேடையுணர்ச்சியைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் ஒரு நாட்டில், இச்சொல் எந்த அளவிற்குப் பயன்படும் என்பதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை எழுப்ப முற்படுகின்றது. தலைவரின் புறத்தோற்றமும் அவர்பால் மக்கள் உணரும் ஈர்ப்பும் வெவ்வேறானவை. அவற்றை ஒரே சொல்லால் குறிப்பதனால் நம்முடைய திறனாய்வு பிழைபடுகின்றது என்பதே நம் கருத்தாகும். இக்கருத்தை 1981ஆம் ஆண்டு ஆன்சன் இடைத்தேர்தல் முதல் 2023ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் வரையிலான சில நிகழ்வுகளைக் கொண்டு நிறுவ முயல்கின்றோம். சிறுபான்மைச் சமூகமாக வாழும் சிங்கப்பூர்த் தமிழர்க்கு இவ்வேறுபாடு வெறும் கலைச்சொல் சிக்கலன்று என்பதும் இக்கட்டுரையின் போக்கில் தெளிவாகும்.

சொல்லும் பொருளும்

செர்மானியச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் அதிகாரத்தின் மூவகைகளை எடுத்துரைத்தபோது, மரபு வழி வரும் அதிகாரம், சட்ட வழி வரும் அதிகாரம் ஆகியவற்றோடு, தனிமனிதரின் அருந்திறன் மீது மக்கள் கொள்ளும் நம்பிக்கையால் விளையும் அதிகாரத்தையும் சேர்த்துக் கூறினார். அவர் ஆண்ட 'கரிஸ்மா' என்னும் சொல் 'அருட்கொடை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. வெபரின் விளக்கத்தில் கவனத்திற்குரியது ஒன்றுண்டு. இவ்வருந்திறன் தலைவரிடம் உண்மையாகவே உள்ளதா என்பதைவிட, பின்பற்றுவோர் அதனை அவரிடம் உள்ளதாக ஏற்கின்றனரா என்பதே முதன்மையானது. ஏற்பு நீங்கினால் அதிகாரமும் நீங்கும்.

தமிழில் இச்சொல்லுக்குக் 'கவர்ச்சி', 'வசீகரம்', 'ஈர்ப்பாற்றல்' எனப் பல பெயர்ப்புகள் வழங்குகின்றன. முன்னிரண்டும் உடலழகையும் உடன் சுட்டுவன. 'வசீகரம்' என்பதில் பிறரைத் தன்வயப்படுத்தல் என்னும் பொருளும் கலந்துள்ளது. ஆகவே, இச்சொற்களை ஆளும்போதே வாக்காளர் மயங்கினார் என்னும் முடிவு ஆய்விற்கு முன்பே நுழைந்துவிடுகின்றது. இதனைத் தவிர்க்கும் பொருட்டு இக்கட்டுரையில் புறத்தோற்றத்தைத் 'தோற்றம்' என்றும், வெபர் கருதியதைத் 'தலைமை ஈர்ப்பு' என்றும் குறிக்கின்றோம்.

தமிழ்நாட்டுச் சான்றுகளே இவ்வேறுபாட்டை வலியுறுத்துகின்றன. 1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் துப்பாக்கியால் சுடப்பட்ட எம்.ஜி.ஆரின் கழுத்துக் கட்டுடன் கூடிய படம், அவ்வாண்டுத் தேர்தலில் சுவரொட்டிகளில் இடம்பெற்றது. தொகுதிக்கு நேரில் செல்லாமலேயே அவர் பரங்கிமலையில் வென்றார். இத்திரைப்படிமம் அரசியலாக மாறிய வகையை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயின், அதே திரையுலகின் ஈடிணையற்ற நடிகரான சிவாஜி கணேசன் 1989ஆம் ஆண்டு திருவையாற்றில் தோல்வியுற்றார். முகம் அறியப்பட்டிருப்பது மட்டுமே போதுமாயின், அத்தோல்விக்கு விளக்கமில்லை. மறுபுறம், குள்ளமான உருவமும் கரகரத்த குரலும் கொண்ட அண்ணா, தமிழ்நாட்டின் பெரும் மக்கள் திரளை ஈர்த்தார். தோற்றமும் தலைமை ஈர்ப்பும் ஒருங்கே அமையலாம். ஒன்றின்றி மற்றொன்று அமைதலும் உண்டு.

மருட்கையும் பெருமிதமும்

இவ்வேறுபாட்டை விளக்கும் கருவி நம்மிடமே உள்ளது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்துணர்வு உடலில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பகுக்கின்றது. அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. இதுவரை காணாததைக் காணும்போதும், மிகப் பெரியதையோ மிகச் சிறியதையோ காணும்போதும், ஒன்று வேறொன்றாக மாறியதைக் காணும்போதும் அது பிறக்கும். பெருமிதமோ கற்ற அறிவு, அஞ்சாமை, நற்பெயர், வழங்கும் தன்மை ஆகிய நான்கின்கண் பிறக்கும். இந்நான்கனுள் உடலழகு இல்லை என்பது நோக்கத்தக்கது. பெருமிதம் உடலில் தோன்றுவதாயினும் அதன் வேர் உடலில் இல்லை.

மெய்ப்பாடு செய்யுளுக்குரிய கோட்பாடு. அதனை வாக்குச் சாவடிக்குக் கொண்டு செல்லுதல் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். நாம் அதனை உளவியல் விதியாகக் கொள்ளவில்லை. முகத்தை எவ்வாறு படிக்கின்றோம் என்பதைப் பிரித்தறியும் வாசிப்பு முறையாகவே கொள்கின்றோம். புதுமுகம் ஒன்றைக் காணும் வாக்காளரிடம் முதலில் தோன்றுவது மருட்கை. அம்முகத்தின் பின்னே கல்வியும் அஞ்சாமையும் நற்பெயரும் உள்ளன என அவர் தேர்ந்தறியும்போது, அதே முகத்தில் பெருமிதத்தைக் காண்கின்றார். முன்னது ஒரு நொடியில் நிகழ்வது. பின்னதற்குக் காலம் தேவை.

அந்த ஒரு நொடியின் ஆற்றலையும் குறைத்து மதிப்பிட இயலாது. அமெரிக்காவில் அலெக்சாண்டர் டொடொரோவும் பிறரும் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத இரு வேட்பாளர்களின் படங்களைக் கண்டு 'திறமையானவர் யார்' என மக்கள் அளித்த விடைகள், செனட் தேர்தல்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டு முடிவுகளோடு ஒத்திருந்தன. 2009ஆம் ஆண்டு ஆன்டோனாகிஸ், டல்காஸ் ஆகியோர் சுவிட்சர்லாந்துச் சிறுவர்களிடம், கற்பனைக் கப்பல் ஒன்றிற்குத் தலைவராக யாரைத் தேர்வீர் எனப் பிரெஞ்சு வேட்பாளர்களின் படங்களைக் காட்டி வினவினர். சிறுவரின் தேர்வும் நடந்து முடிந்த தேர்தலின் முடிவோடு பெரிதும் இணங்கியது. இவ்வாய்வுகள் தோற்றத்தின் வலிமையை உறுதிப்படுத்துகின்றன. ஆயின், வேட்பாளரைப் பற்றி வேறெதுவும் அறியாதவர்களிடம் எடுக்கப்பட்ட விடைகள் இவை. பழகிய முகத்தை மக்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்பதற்கு இவற்றில் விடையில்லை. அவ்விடையைத் தேர்தல் வரலாற்றிலேயே தேட வேண்டியுள்ளது.

முகத்தை ஐயுறும் அரசமைப்பு

சிங்கப்பூரின் தேர்தல் ஏற்பாடுகளைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் பல வாக்காளர் தோற்றத்திற்கும் உணர்ச்சிக்கும் ஆட்படுவர் என்னும் ஐயத்தின்மேல் அமைந்தவை என்பது புலனாகும். 1998ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம் கட்சி அரசியல் திரைப்படங்களைத் தடை செய்தது. 2009இல் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. வாக்களிப்பிற்கு முந்திய நாளில் பிரசாரம் கூடாது என்னும் விதி 2011 பொதுத் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. மேடைகளின் ஆரவாரம் அடங்கிய பின்னர் மக்கள் அமைதியாகச் சிந்திக்க வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். சுவரொட்டிகளின் எண்ணிக்கைக்கும் வேட்பாளரின் செலவிற்கும் வரம்புகள் உண்டு. வாக்காளர் ஒருவருக்கு 4 வெள்ளி என இருந்த செலவு வரம்பு 2025 பொதுத் தேர்தலில் 5 வெள்ளியாக உயர்ந்தது. நூறடி உயர அட்டைப் படங்களுக்கு இங்கு இடமேயில்லை.

ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியின் வெண்ணிற உடையையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். வெண்மேலாடையும் வெண்காற்சட்டையும் ஊழலின்மையின் குறியீடாக முன்வைக்கப்பட்டன. அதே வேளையில், அணிபவரின் தனித்தோற்றத்தை அவ்வுடை மங்கச் செய்கின்றது. வேட்பாளரைக் காணும் முன் கட்சியைக் காணுமாறு அது கண்ணைப் பழக்குகின்றது.

இவ்வேற்பாடுகளுள் மிகப் பெரியது 1988ஆம் ஆண்டு அறிமுகமான குழுத்தொகுதி முறை. தொடக்கத்தில் மூவர் கொண்ட குழுக்களாக இருந்தவை, 2025இல் நால்வர் அல்லது ஐவர் கொண்டவையாக இருந்தன. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இடம்பெற வேண்டும். இளைய வாக்காளர் பல்லின நாடாளுமன்றத்தின் தேவையை உணராமல் தனிமனிதரை மட்டுமே நோக்கி வாக்களிப்பர் என்னும் அச்சம் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அதாவது, பெரும்பான்மைச் சீன வாக்காளர் தம் இனத்து முகத்தையே தேர்வர் என்பது இச்சட்டத்தின் உட்கோளாகும். இவ்வுட்கோள் சரியானதா என்பதற்கு, அம்முறை தோன்றுவதற்கு ஏழாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு தேர்தலே எதிர்ச்சான்றாக நிற்கின்றது.

ஆன்சன், 1981

1926ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம், வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். 1971 முதல் பாட்டாளிக் கட்சியை வழிநடத்தியவர். அடர்ந்த கிருதாவும், முழங்கும் குரலும், நீதிமன்ற மொழியை ஒத்த ஆங்கிலமும் அவருடைய அடையாளங்கள். அவற்றுள் எதுவும் சீனத் தொழிலாளர் மிகுந்த தொகுதி ஒன்றில் எளிதாகச் செல்லுபடியாகும் நாணயமன்று.

அவர் 1972இல் நம் சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க் தொகுதியில் நின்று தோற்றார். பின்னர் 1976, 1977, 1979, 1980 ஆகிய ஆண்டுகளிலும் வெவ்வேறு தொகுதிகளில் தோற்றார். 1981ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், தேவன் நாயர் அதிபரானதால் காலியான ஆன்சன் தொகுதியில் நின்று, ஏறத்தாழ 52 விழுக்காட்டு வாக்குகளோடு வென்றார். 1968 முதல் ஆளுங்கட்சியினர் மட்டுமே அமர்ந்திருந்த நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக் குரல் மீண்டும் ஒலித்தது. 1984இல் அதே தொகுதி மக்கள் அவரை இன்னும் கூடுதலான வாக்குகளால் தேர்ந்தெடுத்தனர்.

ஐந்து தோல்விகளிலும் இரண்டு வெற்றிகளிலும் அவருடைய முகம் ஒன்றே, குரலும் ஒன்றே. ஆகவே, தோற்றத்தைக் கொண்டு இவ்வெற்றியை விளக்குதல் இயலாது. ஆன்சனில் துறைமுக ஆணையத்தின் அடுக்ககங்களில் வசித்தோர், அவ்விடத்தைக் காலி செய்ய வேண்டிய நிலையில் மாற்று வீடு குறித்த மனக்குறையோடு இருந்தனர். ஆளுங்கட்சியின் வேட்பாளர் தொகுதிக்குப் புதியவர். இச்சூழலில், மீண்டும் மீண்டும் தோற்றும் எழுந்து நின்ற ஒருவரின் குரலில் மக்கள் அஞ்சாமையை உணர்ந்தனர். முன்பு விந்தையாகப் பட்ட அதே கிருதாவும் குரலும் இப்பொழுது விட்டுக்கொடாத மனத்தின் அடையாளங்களாயின. மருட்கை பெருமிதமாக மாறிய தருணம் இதுவெனலாம். மாறியது தலைவரின் உடலன்று. வாக்காளர் அவ்வுடலுக்கு அளித்த பொருளே.

மரின் பரேட், 2011

தோற்றத்தின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுவது 2011ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல். மரின் பரேட் குழுத்தொகுதியில் இரு இளம்பெண்கள் எதிரெதிரே நின்றனர். தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சியின் நிக்கோல் சியாவுக்கு வயது 24. மக்கள் செயல் கட்சியின் தின் பெய் லிங்குக்கு வயது 27. முகநூல் முதன்முறையாகப் பெருமளவில் பயன்பட்ட தேர்தல் அது. நிக்கோல் சியாவின் தோற்றமும் தடுமாற்றமற்ற பேச்சும் அவரைச் சில நாள்களிலேயே நாடறிந்தவராக்கின. தின் பெய் லிங்கோ, விலையுயர்ந்த கைப்பை நிறுவனம் ஒன்றின் பெட்டியை ஏந்தி நிற்கும் பழைய படம் ஒன்றினால் பெரும் ஏளனத்திற்கு ஆளானார்.

இருவரையும் வாக்காளர் உண்மையில் அறிந்திருக்கவில்லை. போற்றுதலும் தூற்றுதலும் படங்களிலிருந்தும் சில நிமிடக் காட்சிகளிலிருந்தும் பிறந்தவை. ஆகவே இரண்டையும் மருட்கையின் இரு முகங்கள் என்றே கொள்ள வேண்டும். முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் தலைமையிலான ஆளுங்கட்சிக் குழு 56.65 விழுக்காடு பெற்று வென்றது. குழுத்தொகுதி முறையின் மற்றொரு விளைவு இங்குப் புலனாகின்றது. சிறுபான்மையினரைக் காப்பதற்காக வந்த முறை, மூத்த அமைச்சர்களின் துணையோடு புதுமுகங்களை நாடாளுமன்றத்திற்குக் கொண்டு செல்லும் ஊர்தியாகவும் பயன்பட்டது. தனித்து நின்றால் அம்முகத்திற்கு மக்கள் என்ன மதிப்பளித்திருப்பர் என்பதை அறிய வழியில்லாமற் போயிற்று.

அதற்கான விடை 2015இல் கிட்டியது. தின் பெய் லிங் மெக்பர்சன் தனித்தொகுதியில் இருமுனை எதிர்ப்பைச் சந்தித்து 65 விழுக்காட்டிற்கு மேல் பெற்றார். 2020இல் அது 71 விழுக்காட்டைக் கடந்தது. நான்காண்டுக் காலத் தொகுதிப் பணி, பழைய படம் தந்த பொருளை அழித்து வேறொன்றை எழுதியது. நிக்கோல் சியா பின்னர்ப் பாட்டாளிக் கட்சியில் இணைந்து, 2020இல் ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் கடும் போட்டி அளித்த குழுவில் இடம்பெற்றார். நாடாளுமன்றம் புகாமலேயே 2023இல் கட்சியிலிருந்து விலகினார். முதற்காட்சியில் தோன்றிய கணிப்புகள் இரண்டும் நிலைக்கவில்லை. இதனை நிக்கோல் சியாவின் குறையாகக் கொள்ளுதல் முறையாகாது. நம்முடைய முதற்காட்சிக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பதற்கே இது பாடமாகும்.

திரையில் தோன்றும் முகம்

2020ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் நோய்ப்பரவல் காலத்தில் நடைபெற்றது. திடல்களில் கூட்டங்கள் இல்லை. தொலைக்காட்சியும் இணையமுமே மேடைகளாயின. சூலை 1ஆம் நாள் ஒளியேறிய ஆங்கில விவாதத்தில், பாட்டாளிக் கட்சியின் சார்பில் பொருளியல் பேராசிரியர் ஜேமஸ் லிம் பங்கேற்றார். ஆளுங்கட்சிக்கு வெற்றுக் காசோலை அளிக்கக் கூடாது என்பதே எதிர்க்கட்சியின் வேண்டுகோள் என அவர் விளக்கினார். அறிவார்ந்த வாதத்தைப் பணிவான முகத்தோடும், நெஞ்சுக்கு இதமளிப்பது என்னும் கருத்துப்பட அவர் கையாண்ட ஆங்கிலத் தொடரோடும் மக்கள் நினைவில் கொண்டனர். அத்தொடர் சில நாள்களிலேயே நகரெங்கும் பேசப்பட்டது. புதிதாக அமைக்கப்பட்ட செங்காங் குழுத்தொகுதியில் அவருடைய குழு 52.12 விழுக்காடு பெற்று வென்றது.

இங்குக் கல்வியின்கண் பிறக்கும் பெருமிதமும் புதுமையின்கண் பிறக்கும் மருட்கையும் கலந்தே நின்றன. எது எவ்வளவு என அன்று பிரித்துரைக்க இயலாது. ஆயின் காலம் அதனைச் சோதித்தது. அக்குழுவிலிருந்த ஒருவர், நாடாளுமன்றத்தில் உண்மைக்கு மாறாகப் பேசியதன் விளைவாக 2021 நவம்பரில் பதவி விலகினார். அவரும் 2020இல் இளையோரின் பெருவரவேற்பைப் பெற்றவரே. எஞ்சிய மூவரும் தொகுதியில் தொடர்ந்து பணியாற்றினர். 2025 மே 3ஆம் நாள் நடந்த தேர்தலில் அக்கட்சி அத்தொகுதியை முன்னிலும் கூடுதலான வாக்குகளால் தக்கவைத்துக் கொண்டது. ஒரே நாளில் ஒரே குழுவாக மக்களை ஈர்த்தவர்கள், ஐந்தாண்டுகளில் வெவ்வேறு விதமாக எடையிடப்பட்டனர்.

நிறம் என்னும் தோற்றம்

இதுவரை அழகு, இளமை, பேச்சு ஆகியவற்றைத் தோற்றத்தின் கூறுகளாகக் கண்டோம். சிறுபான்மைச் சமூகத்திற்கோ தோற்றம் என்பது முதலில் நிறமும் இனமும் ஆகும். நம்முடைய வேட்பாளர் அழகரா, நாவலரா என மக்கள் எண்ணுவதற்கு முன்பே அவர் இந்தியர் எனக் கண்டுவிடுகின்றனர். கவர்ச்சியைப் பற்றிய பொதுவான ஆய்வுகள் போதிய கவனம் செலுத்தாத பகுதி இதுவாகும்.

1988இல் லீ குவான் இயூ, தமக்குப் பின் பிரதமராக எண்ணிப் பார்க்கப்பட்டவர்களுள் எஸ். தனபாலனும் ஒருவர் என்றும், இந்தியர் ஒருவரைப் பிரதமராக ஏற்கச் சிங்கப்பூர் ஆயத்தமாக இல்லை என்றும் வெளிப்படையாகக் கூறினார். 2019 மார்ச்சில், அப்பொழுது நிதியமைச்சராக இருந்த ஹெங் சுவீ கியட், மூத்த தலைமுறையினர் சீனரல்லாத பிரதமருக்கு ஆயத்தமாக இல்லை என நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கருத்துரைத்தார். முப்பதாண்டு இடைவெளியில் ஒரே கணிப்பு மீண்டும் ஒலித்தது. இக்கணிப்பு தனிமனிதரின் தகுதியைப் பற்றியதன்று. அவர் முகத்தைக் காணும் பிறரின் மனத்தைப் பற்றியது.

வாக்குப் பெட்டிகள் அளித்த சான்று சற்று வேறானது. எஸ். இராஜரத்தினம் 1959 முதல் 1988 வரை கம்போங் கிளாம் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். ஆன்சனை மேலே கண்டோம். 2016 மே மாதம் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியின் இடைத்தேர்தலில், ஆரவாரமற்ற இயல்பினரான முரளி பிள்ளை, மேடைப் பேச்சில் பெயர் பெற்ற சீ சூன் ஜுவானை 61 விழுக்காட்டு வாக்குகளோடு வென்றார். இங்கு இனமும் பேச்சாற்றலும் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

இவ்வரிசையில் முதன்மையானது 2023 செப்டம்பர் 1ஆம் நாள் நடந்த அதிபர் தேர்தல். 2017ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்திற்கென ஒதுக்கப்பட்டு, ஹலிமா யாக்கோப் போட்டியின்றித் தேர்வானார். 2023இலோ ஒதுக்கீடு இல்லை. தர்மன் சண்முகரத்தினம் இரு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று, 70.4 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றார். அவர் தேர்ந்தெடுத்த சின்னம் அன்னாசி. ஹொக்கியன் மொழியில் அப்பழத்தின் பெயர் வளம் வருக என்னும் பொருளை நினைவூட்டுவது. சீன மக்களின் வழக்கை அறிந்து மதிக்கும் ஒருவரின் தேர்வாக அது அமைந்தது.

அவ்வெற்றிக்குப் பின் நம் சமூகத்தில் 'நம்மவர் வென்றார்' என்னும் பெருமகிழ்ச்சி எழுந்தது, அது இயல்பே. ஆயின் திறனாய்வாளர் அங்கேயே நின்றுவிடுதல் கூடாது. தர்மன் 2001 முதல் ஜூரோங் குழுத்தொகுதியில் உறுப்பினராக இருந்தவர். 2015இல் அவர் வழிநடத்திய குழு 79.29 விழுக்காடு பெற்றது. கல்வி அமைச்சராகவும், நிதியமைச்சராகவும், துணைப் பிரதமராகவும் அவரை மக்கள் இருபதாண்டுகளுக்கு மேல் கண்டிருந்தனர். 2015இல் சுவிட்சர்லாந்தின் சென்ட் கேலன் கருத்தரங்கில், சமூகப் பாதுகாப்பை விழுவோரைத் தாங்கும் வலையாக அல்லாமல் மீண்டும் எழச் செய்யும் துள்ளுமேடையாக அவர் உவமித்தது பலராலும் எடுத்தாளப்பட்டது. உயரமும், நிதானமான குரலும், வழுக்கைத் தலையும் கொண்ட அத்தோற்றத்தில் மக்கள் கண்டது, கல்வியும் நற்பெயரும் சேர்ந்து விளைந்த பெருமிதமே. நிறத்தை அவர்கள் காணாமல் இல்லை. கண்டும் அதனைக் கடந்து படிக்கும் அளவிற்கு அவரை அறிந்திருந்தனர்.

எனினும் இவ்வெற்றியை அளவிற்கு மீறிப் பொருள்கொள்ளுதலும் தகாது. அதிபர் பதவி நிதி இருப்பையும் முக்கியப் பொறுப்பு நியமனங்களையும் காக்கும் பதவியே; ஆட்சி நடத்தும் பதவியன்று. எதிர்த்து நின்றோர் அவரளவிற்கு மக்களிடம் அறிமுகமானவர்களும் அல்லர். சீனரல்லாத பிரதமரை ஏற்கச் சிங்கப்பூர் ஆயத்தமாக உள்ளது என்பது தர்மன் தம் பிரசாரத்தின்போது வெளியிட்ட கருத்து. இத்தேர்தல் அக்கருத்திற்கு வலுவான துணைச்சான்று, முழுமையான மெய்ப்பிப்பன்று. மேலும், இருபதாண்டுப் பழக்கத்திற்குப் பின்னரே சிறுபான்மை முகம் ஒன்று தன் நிறத்தைக் கடந்து படிக்கப்படும் எனின், பெரும்பான்மை இனத்துப் புதுமுகத்திற்கு அத்தகைய காலச்சுமை உண்டா என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அவ்வினாவை எழுப்பாமல் வெற்றியை மட்டும் கொண்டாடுதல் நம் இளையோர்க்கு நன்மை பயவாது.

சிராங்கூன் சாலையும் வாக்குரிமையும்

தேர்தல் காலத்தில் சிராங்கூன் சாலையின் விளக்குக் கம்பங்களில் வேட்பாளரின் முகங்கள் தொங்கும். தேக்கா சந்தையின் உணவங்காடி, வேட்பாளர்கள் கைகுலுக்க வரும் இடங்களுள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சாலையை நிறைக்கும் தமிழருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுக்கு இங்கு வாக்குரிமை இல்லை. ஆகவே, தமிழ் முகங்கள் மிகுதியாகக் கூடும் இடமே தமிழ் வாக்குகள் மிகுந்த இடம் எனக் கருதுவது பிழையாகும். சிங்கப்பூர்த் தமிழ் வாக்காளர், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்ககங்களில் தீவெங்கும் பரவி வாழ்கின்றனர். எந்தத் தொகுதியிலும் அவர்கள் பெரும்பான்மையினர் அல்லர். நம்மவர் முகத்திற்கு நாம் அளிக்கும் வாக்குகளால் மட்டும் எவரும் வெல்வதில்லை. பிறர் நம்மவர் முகத்தை எவ்வாறு படிக்கின்றனர் என்பதே முடிவைத் தீர்மானிக்கின்றது.

நாமும் பிறர் முகத்தைப் படிக்கும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லோம். தேர்தல் காலத் தமிழ் ஒளிபரப்பில் தோன்றும் வேட்பாளரின் உச்சரிப்பைக் கேட்டே அவரை ஏற்கவோ தள்ளவோ செய்யும் பழக்கம் நம்மிடையே உண்டு. தமிழைத் திருத்தமாகப் பேசுதல் போற்றத்தக்கதே. ஆயின் ஓர் உச்சரிப்பிலிருந்து ஒருவரின் நேர்மையையும் திறமையையும் ஊகித்தல், படத்தைக் கண்டு திறமையை ஊகித்தலுக்கு ஒப்பானதாகும். குரலும் ஒரு தோற்றமே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. தோற்றம் வாக்காளரின் கவனத்தை ஈர்க்கின்றது. புதியவர் ஒருவருக்கு முதற்செவியைப் பெற்றுத் தருகின்றது அல்லது மறுக்கின்றது. தலைமை ஈர்ப்போ, அத்தோற்றத்திற்கு மக்கள் காலப்போக்கில் அளிக்கும் பொருளிலிருந்து எழுகின்றது. ஜெயரத்தினத்தின் ஐந்து தோல்விகளும், தின் பெய் லிங்கின் இரண்டாம் தேர்தலும், தர்மனின் இருபதாண்டுகளும் இதனையே உணர்த்துகின்றன. 'கவர்ச்சி' என்னும் சொல் இவ்விரண்டையும் கலந்து, வாக்காளரை மயங்குபவராகவே சித்திரிக்கின்றது. அச்சித்திரம் சட்டத்தின் அடித்தளமாக மாறும்போது, அதன் விளைவைச் சிறுபான்மையினரே முதலில் சுமக்கின்றனர்: நீங்கள் தனித்து நின்றால் தேர்வாக மாட்டீர் என்னும் செய்தி அதனுள் அடங்கியுள்ளது.

அதே வேளையில், முதற்காட்சியின் ஆற்றல் இன்று குறையவில்லை; பெருகியுள்ளது. வேட்பாளர் பேசாததைப் பேசியதாகக் காட்டும் போலிக் காணொளிகள் செயற்கை நுண்ணறிவால் எளிதில் உருவாகின்றன. தேர்தல் காலத்தில் அவற்றைத் தடை செய்யும் சட்டத்தைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. சட்டம் போலி முகத்தைத் தடுக்கலாம். உண்மை முகத்தை எவ்வாறு படிப்பது என்பதைக் கற்பிக்க இயலாது. அப்பணி வகுப்பறைக்கு உரியது.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பங்கு உண்டு. திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தைப் பொருளும் உரையும் கூறிக் கடந்துவிடாமல், ஒருவரைத் தேர்வதற்கு முன் எவற்றை ஆராய வேண்டும் என்னும் கலந்துரையாடலாக அதனை நடத்தலாம். மெய்ப்பாட்டியலைச் சங்கப் பாடல்களோடு மட்டும் நிறுத்தாமல், சுவரொட்டி ஒன்றையும் தொலைக்காட்சி விவாதம் ஒன்றையும் வைத்து, இங்கு நமக்குத் தோன்றுவது மருட்கையா, இவரிடம் நாம் காண்பது பெருமிதமா, அதற்குச் சான்று யாது என மாணவரை வினவலாம். மேடைப் பேச்சுப் போட்டிகளின் மதிப்பீட்டிலும் குரல், நிற்கும் முறை ஆகியவற்றிற்கு நாம் அளிக்கும் புள்ளிகளையும், கருத்திற்கு அளிக்கும் புள்ளிகளையும் ஒருமுறை ஒப்பிட்டு நோக்குதல் நலம். வருங்கால வாக்காளர் அங்கேதான் உருவாகின்றனர்; அவர்களுள் சிலர் வருங்கால வேட்பாளர்களாகவும் இருப்பர்.